ஒன்பது புள்ளி நான்கு வாட்

ஃபிராவ் கோவால்கே கதவிடுக்கில் செருகிப்போன கடிதத்தில்
ஒரே ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில்.
ஓராண்டு மின்சாரத்துக்குக் கூடுதலாக
நூற்று நாற்பத்து மூன்று யூரோ.
மற்ற வரிகளெல்லாம் மரியாதை.

கெட்டிலைச் சந்தேகித்தேன்.
ரைஸ் குக்கரின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன்.
குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்ப் பெட்டியை
ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு
பேசாமல் திரும்பினேன்.
விசாரணை என்றால் எளியவரிடம்தானே தொடங்கும்:
லேப்டாப்பை மேஜையில் உட்காரவைத்து
சார்ஜரைப் பிடுங்கினேன்.

வெளியே கெம்னிட்ஸ்.
மார்ச்சிலும் தீராத பனி,
கடைசி டிராம் போன தடத்தில் நிரம்பிக்கொண்டிருக்கிறது.
உள்ளே கறுப்புத் திரை.
பவர்டாப் என்று அடித்தேன்.
நீ யார், உனக்கென்ன அதிகாரம் என்று
கடவுச்சொல் கேட்டது. சொன்னேன்.

பேட்டரியிலிருந்து வெளியேறுவது
ஒன்பது புள்ளி நான்கு வாட்.

கீழே ஒரு பட்டியல்.
கண்ணயரப் போன பிராசஸரை
நொடிக்கு எத்தனை முறை
யார் யார் தட்டி எழுப்பினார்கள் என்று
பெயரோடு, தசமப் புள்ளியோடு.
திரை வெளிச்சம் இரண்டு புள்ளி ஒன்பது,
வைஃபை பூச்சியம் புள்ளி எட்டு,
யாரும் கேட்காத பாட்டுக்காக
விழித்திருக்கும் ஸ்பீக்கர் கொஞ்சம்.

இன்னொரு பக்கத்தில்
ஒவ்வொன்றுக்கும் நேரே
கெட்டது, கெட்டது, நல்லது, கெட்டது.
கெட்டதன் மேல் நின்று என்டர் தட்டினால்
நல்லதாகிவிடுகிறது.
இவ்வளவு மலிவான அறநூலை
நான் வாசித்ததில்லை.
பதினொரு கெட்டதைத் திருத்தினேன்,
அரை வாட் கூடக் குறையவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன்
மூன்று புள்ளி மூன்று வாட்டை
தனியாளாகத் தின்றுகொண்டிருந்தது
ஜன்னலே திறக்காமல் ஓடும் ஒரு பிரவுசர்.
இருபது நொடிக்கு ஒருமுறை எழுந்து
எங்கோ போய்விட்டு வந்து
படுத்துக்கொள்கிறது.

நான் எழுதியதுதான்.
அக்டோபர் இருபது, ஜெஸிந்தாவுக்காக.
விசா நீட்டிக்க அலுவலகத்தில்
ஒரு டெர்மின் வேண்டும் அவளுக்கு.
பக்கத்தைத் திற, இடம் இருக்கிறதா பார்,
இல்லையென்றால் இல்லை என்று எழுது,
இருந்தால் அவள் எண்ணுக்குச் செய்தி அனுப்பு.
பதினேழே வரி.
அன்றைக்கு அவள் முட்டைக்குழம்பு வைத்தாள்.
ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்றேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி
இரண்டு பெட்டியும் ஒரு தலையணையுமாக
லைப்ஸிக் விமான நிலையத்துக்குப் போனாள்.
இப்போது தூத்துக்குடியில்
ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறாள்.

நூற்று நாற்பது நாள்.
ஆறு லட்சத்துச் சொச்சம் முறை
இந்தப் பெட்டி போய்க் கேட்டிருக்கிறது.
பதிவுக் கோப்பைத் திறந்தால்
இல்லை இல்லை இல்லை, திரை நிற்காமல் ஓடுகிறது.
இல்லை என்ற வரிகளையெல்லாம் கழித்துவிட்டு
மிச்சத்தைக் காட்டு என்று கட்டளையிட்டேன்.
வெற்றுத் திரையை எதிர்பார்த்து.

ஒரு வரி மிஞ்சியது.

பிப்ரவரி பதினொன்று,
அதிகாலை நாலு பதினேழு:
இருக்கிறது.

செய்தியும் போயிருக்கிறது.
அந்த எண்ணின் சிம்
என் ஸ்பூன் டிராயரில் கிடக்கிறது,
போகும்போது கழற்றிக் கொடுத்தாள்.
அடுத்த இருபதாவது நொடியில் மறுபடி இல்லை.

கில் என்று அடித்து, இடைவெளி விட்டு,
அதன் ஐந்து இலக்க எண்ணைச் சரிபார்த்து
என்டர்.
ஒன்பது புள்ளி நான்கு
ஏழு புள்ளி எட்டாகி
ஆறு புள்ளி ஒன்றில் நின்றது.
ஃபேன் அடங்கியது. இத்தனை மாதம்
ஃபேன் சத்தத்தைத்தான் அறையின் அமைதி என்று
நினைத்திருக்கிறேன்.

ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
பதினோரு யூனிட்.
நான்கு யூரோ.
அவ்வளவு காத்திருப்புக்கும்.

அவளுக்கு எழுதலாமா என்று
ஒரு வரி அடித்து, அழித்தேன்.
பேட்டரி இன்னும் ஐந்து மணி நேரம் தாங்கும் என்கிறது பவர்டாப்.

குளியலறையில் வெந்நீர்ப் பெட்டி
க்ளிக் என்று விழித்துக்கொள்கிறது.